சுவிட்ச்போர்ட் பெண்களிலிருந்து பைதன் எழுதும் பொறியியலாளர் வரை



கொஞ்சம் நீளமான பதிவு. வலையமைப்புத் துறையில் இருக்கும் சகோதரர்களும், பிள்ளைகளை அந்தத் துறைக்கு அனுப்ப யோசிக்கும் பெற்றோரும் ஆறுதலாக வாசியுங்கள்.

நமது பகுதிகளில் உயர்தரம் எழுதிய பிள்ளைகள் பலர் ‘நெட்வேர்க்கிங்’ படித்து, சீ.சீ.என்.ஏ. பரீட்சை எழுதி, கத்தாருக்கும் துபாய்க்கும் சவூதிக்கும் போயிருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் எழும்பிய வீடுகளையும் கரைசேர்ந்த குமர்களையும் நாம் அறிவோம். அவர்களில் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இப்போது லீவில் வரும்போது ஒரு கவலையையும் கொண்டு வருகிறார்கள். “கம்பனியில எல்லாத்தையும் ஒட்டோமேஷனுக்கு மாத்துறாங்க. பைதன் தெரியுமா என்டு கேக்கிறாங்க. இவ்வளவு காலம் படிச்சதும் செஞ்சதும் இனிச் செல்லாதா?”

செல்லும். ஆனால் இருந்த வடிவத்தில் செல்லாது. இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இந்தத் தொழில் நடந்து வந்த பாதையே அப்படித்தான் இருக்கிறது. அதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

▪️ கையால் இணைத்த காலம்

1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதலாவது வணிகத் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. மொத்தம் 21 சந்தாதாரர்கள். ஒருவர் மற்றவரோடு பேச வேண்டுமானால் நடுவில் ஒரு மனிதர் இருந்து தன் கையால் இணைப்புக் கொடுக்க வேண்டும். வலையமைப்பு என்றால் அன்றிலிருந்து இன்றுவரை வேலை ஒன்றுதான். இந்த முனையில் இருப்பவரை அந்த முனையில் இருப்பவரிடம் சரியான வழியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஆரம்பத்தில் இந்த வேலைக்குப் பையன்களைப் போட்டார்கள். அவர்கள் வாடிக்கையாளர்களோடு குறும்பும் வாய்த்தர்க்கமும் செய்ததால் பெண்களை எடுக்கத் தொடங்கினார்கள். 1878 செப்டம்பர் 1ஆம் திகதி பொஸ்டனில் வேலைக்குச் சேர்ந்த எம்மா நட் என்பவரே முதல் பெண் ஒப்பரேட்டர் என்று அறியப்படுகிறார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்க இளம் பெண்கள் அதிகம் செய்த தொழில்களில் ஒன்றாக இது வளர்ந்தது.

இந்தக் காலத்தில்தான் அல்மன் ஸ்ட்ரோஜர் வருகிறார். கன்சாஸ் சிட்டியில் இறுதிக் கிரியைகளை நடத்திக்கொடுக்கும் தொழில் செய்தவர். போட்டித் தொழிலாளி ஒருவரின் மனைவி ஒப்பரேட்டராக இருந்து, தனக்கு வரும் அழைப்புகளைத் தன் கணவனுக்குத் திருப்பிவிடுகிறாள் என்று அவர் சந்தேகப்பட்டதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, மனிதக் கை இல்லாமல் இணைப்புக் கொடுக்கும் கருவிக்கு 1891இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1892 நவம்பரில் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அந்த முறையில் முதல் தன்னியக்க இணைப்பகம் இயங்கத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். மிகப் பெரிய நிறுவனமான பெல், தன் பெரிய இணைப்பகங்களைத் தன்னியக்கமாக்கத் தொடங்கியது 1919இல்தான். அதன் கடைசிக் கைமுறை இணைப்பகம், கலிபோர்னியாவின் கற்றலினா தீவில், 1978இல் மூடப்பட்டது. காப்புரிமைக்கும் கடைசிச் சுவிட்ச்போர்டுக்கும் இடையில் 87 வருடங்கள். தொழில்நுட்பம் ஒரு நாளில் பிறக்கலாம். தொழில் மாறுவதற்குப் பல காலம் எடுக்கும்.

ஆனால் உங்கள் நகரத்துக்கு அந்த மாற்றம் வரும் நாள் ஒரே நாள்தான். ஜேம்ஸ் பைஜன்போம், டேனியல் குரோஸ் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் 1920க்கும் 1940க்கும் இடையில் நகரம் நகரமாக இந்த மாற்றம் நடந்தபோது அந்தப் பெண்களுக்கு என்ன ஆனது என்று பழைய குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளை வைத்துத் தேடினார்கள். கிடைத்த விடை இரண்டு பக்கம் உள்ளது. அடுத்த தலைமுறை இளம் பெண்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அவர்கள் தட்டச்சு, செயலாளர் வேலை, உணவக வேலை என்று வேறு வழிகளில் போனார்கள். அடி விழுந்தது அந்த நாளில் அந்தக் கதிரையில் இருந்தவர்களுக்கு. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் கூடுதலானோர் வேலையை விட்டிருந்தார்கள், அல்லது குறைந்த சம்பள வேலைக்கு இறங்கியிருந்தார்கள்.

லீவில் வரும் நமது சகோதரர்களின் கவலையை இதனால்தான் நாம் லேசாக எடுக்கக் கூடாது. தன்னியக்கம் வரும்போது பிள்ளைகளுக்குப் புதிய கதவு திறக்கிறது. பாதிவழியில் நிற்பவருக்குத்தான் கால் இடறுகிறது.

▪️ கறுப்புத் திரையின் காலம்

1969 ஒக்டோபர் 29ஆம் திகதி கலிபோர்னியாவில் இரண்டு கணினிகள் ஆர்பாநெட் வழியாக முதல் தடவை பேசிக்கொண்டன. அதன் பிறகு கணினிகளுக்கு இடையில் வழிகாட்டும் கருவிகளுக்கு ஒரு சந்தை உருவானது. 1984 டிசம்பரில், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வேலைசெய்த லெனார்ட் பொசாக், சான்டி லேர்னர் தம்பதியினர் சிஸ்கோ நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். ரவுட்டர் என்ற பெட்டி அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போனது.

அந்தப் பெட்டியோடு மனிதன் பேசிய மொழிதான் கட்டளை வரி. கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாகத் தட்ட வேண்டும். இந்த இடைமுகத்துக்கு இந்த முகவரி, இந்தப் போக்குவரத்து இந்த வழியால் போகட்டும், இவர்களை உள்ளே விடாதே. 1993இல் சிஸ்கோ தன் மிக உயர்ந்த சான்றிதழான சீ.சீ.ஐ.ஈ.யை ஆரம்பித்தது. 1998இல் சீ.சீ.என்.ஏ. வந்தது. இந்தச் சான்றிதழ்கள் ஒரு தொழிலையே உருவாக்கின. பட்டம் இல்லாத ஒரு பிள்ளையும் பரீட்சை எழுதி, ‘நெட்வேர்க் என்ஜினியர்’ என்று வெளிநாட்டில் மரியாதையோடு உட்காரலாம் என்ற நிலை வந்தது. நமது பிள்ளைகள் ஏறிப் போன படிக்கட்டு இதுதான்.

ஆனால் கட்டளை வரிக்கு ஒரு குறை இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பெட்டியோடுதான் பேசலாம். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நிறுவனத்தில் 200 சுவிட்ச்கள். எல்லாவற்றிலும் ஒரு புதிய வீலான் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு 5 நிமிடம் என்றால் 1,000 நிமிடம், அதாவது 16 மணித்தியாலம் 40 நிமிடம். இதில் 137ஆவது சுவிட்ச்சில் தூக்கக் கலக்கத்தில் ஓர் இலக்கம் மாறினால் யாருக்குத் தெரியும்? அடுத்த நாள் ஏதோ ஒரு மாடியில் இணைப்பு வேலை செய்யாதபோதுதான் தெரியும்.

இந்தக் குறை அந்தத் துறையில் இருந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே விளங்கிவிட்டது. 1990இல் டொன் லிப்ஸ் என்பவர் எக்ஸ்பெக்ட் என்ற கருவியை வெளியிட்டார். மனிதன் தட்டுவதைப் போல அதுவே தட்டும். திரையில் வரும் பதிலைப் பார்த்து அடுத்த வரியை அனுப்பும். நல்ல யோசனைதான். ஆனால் திரையில் வரும் எழுத்து மனிதக் கண்ணுக்காக எழுதப்பட்டது. உற்பத்தியாளர் புதிய மென்பொருளில் ஒரு சொல்லை மாற்றினால் செய்நிரல் வழிதவறிவிடும். 1988இல் வந்த எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறையும் இருந்தது. அதை எல்லோரும் பாவித்தார்கள், ஆனால் பெரும்பாலும் கருவிகளைக் கண்காணிக்க மட்டுமே. அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் திரும்பவும் கறுப்புத் திரைக்கே வந்தார்கள்.

▪️ 2002: சபையில் பேசிய கதை

2002 ஜூன் மாதம் இணையக் கட்டமைப்புச் சபை ஒரு கூட்டத்தைக் கூட்டியது. ஒரு பக்கம் வலையமைப்புகளை இரவு பகலாக நடத்துபவர்கள், மறுபக்கம் நெறிமுறைகளை எழுதுபவர்கள். நடத்துபவர்கள் தங்கள் குறைகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தின் அறிக்கை 2003இல் ஆர்.எப்.சி. 3535 என்ற இலக்கத்தில் வெளிவந்தது. இன்றைய வலையமைப்புத் தன்னியக்கத்தின் வேர் எது என்று கேட்டால் பலர் இதைத்தான் காட்டுவார்கள்.

அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானவை இவை. பாவிப்பதற்கு இலகுவாக இருக்க வேண்டும். நாம் எழுதிவைத்த அமைப்பும் கருவியின் அந்த நேரத்து நிலைமையும் வேறுவேறாகப் பிரிந்து தெரிய வேண்டும். அமைப்பை முழுமையாக எடுத்துச் சேமிக்கவும், பழையபடி போடவும், நேற்றையதற்கும் இன்றையதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிடவும் முடிய வேண்டும். தனித்தனிப் பெட்டியாகப் பார்க்காமல் வலையமைப்பை முழுதாகப் பார்த்து அமைக்க வழி வேண்டும்.

ஆசிரியர்களான நமக்கு இது இலகுவாக விளங்கும். பாடசாலையின் மூல நேரசூசி பிரதி அதிபரின் அறையில் இருக்கும். வகுப்பறைகளில் பிரதிகள் தொங்கும். யாராவது வகுப்பறைப் பிரதியில் மட்டும் பென்சிலால் மாற்றம் செய்தால் இரண்டு வாரத்தில் ஒரே பாடவேளைக்கு இரண்டு ஆசிரியர்கள் ஒரு வகுப்பில் நிற்பார்கள், இன்னொரு வகுப்பில் யாருமே இருக்கமாட்டார்கள். மாற்றத்தை மூலப் பிரதியில் செய்து, சரிபார்த்து, அங்கிருந்து எல்லா வகுப்புக்கும் அனுப்ப வேண்டும். அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்டதும் அதுதான்.

இந்தக் கோரிக்கைகளுக்குப் பதிலாக 2006இல் நெட்கொன்ப் என்ற நெறிமுறையும், 2010இல் தரவை ஒழுங்காக எழுதும் யாங் என்ற மொழியும் தரமாக வெளிவந்தன. இனிச் செய்நிரல் மனிதனைப் போல நடிக்கத் தேவையில்லை. கருவியோடு நேரடியாக, ஒழுங்கான வடிவத்தில் பேசலாம்.

▪️ “எல்லாம் முடிந்தது” என்ற பயம்

2008இல் ஸ்டான்போர்டில் நிக் மக்கியோன் குழுவினர் ஓப்பின்புளோ பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பெட்டியும் தனியாக யோசிப்பதை விட்டு, நடுவில் ஒரு மென்பொருள் யோசித்து எல்லாப் பெட்டிகளுக்கும் சொல்லலாம் என்பது அதன் கருத்து. 2012இல், இந்தக் கருத்தை வைத்துத் தொடங்கிய நிசிரா என்ற சிறிய நிறுவனத்தை வீஎம்வெயார் 126 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. 2013இல் கூகுள், தன் தரவு நிலையங்களை இணைக்கும் உலகளாவிய வலையமைப்பை இப்படித்தான் நடத்துவதாகக் கட்டுரை எழுதியது. ரவுட்டரும் வேண்டாம், அதைத் தெரிந்த ஆட்களும் வேண்டாம் என்ற பேச்சு அந்த வருடங்களில் பெரிதாக அடிபட்டது.

நடந்தது வேறு. ரவுட்டர்கள் போகவில்லை. இணையத்தை ஒட்டிவைத்திருக்கும் பீ.ஜீ.பீ. நெறிமுறையும் போகவில்லை. மாறியது, அவற்றுக்குக் கட்டளை கொடுக்கும் விதம். 2012இல் வந்த அன்சிபிள், கருவிக்குள் எதையும் நிறுவாமல் வழமையான எஸ்.எஸ்.எச். வழியாகவே வேலை செய்ததால் வலையமைப்புக்காரர்களுக்குக் கைகொடுத்தது. கேர்க் பயர்ஸ் எழுதிய நெட்மிகோ என்ற பைதன் நூலகம், பழைய பெட்டிகளோடும் பேச உதவியது. 2016இல் வெளியான நெட்பொக்ஸ், நாம் மேலே சொன்ன மூல நேரசூசியின் இடத்தைப் பிடித்தது. எந்தக் கருவி எங்கே, எந்த முகவரி யாருக்கு என்பதை ஒரே இடத்தில் வைத்திருக்கும் பதிவேடு அது.

இந்த வழிமுறையின் உயிர்நாடி ஒரு சின்ன வித்தியாசம். “ஐந்து கதிரை கொண்டு வா” என்று இரண்டு தடவை சொன்னால் பத்துக் கதிரை வந்துவிடும். “இந்த வகுப்பில் நாற்பது கதிரை இருக்க வேண்டும்” என்று பத்துத் தடவை சொன்னாலும் நாற்பதுதான் இருக்கும். பழைய வேலை முதல் வகை, செய்யவேண்டியதைப் படிப்படியாகச் சொல்வது. புதிய வேலை இரண்டாம் வகை, இருக்கவேண்டிய நிலையை எழுதிவைப்பது. அந்த நிலையை எழுதுபவருக்கு வலையமைப்புத் தெரியாவிட்டால் என்ன எழுதுவார்?

▪️ அந்த ஒக்டோபர் இரவு

2021 ஒக்டோபர் 4ஆம் திகதி இரவு நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நமது நேரப்படி 9 மணி தாண்டியதும் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் எல்லாம் ஒரேயடியாக நின்றன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேச முடியாமல் தவித்த உம்மாமார் எத்தனை பேர்! மீள வர ஆறு மணித்தியாலம் அளவில் எடுத்தது.

காரணத்தை அந்த நிறுவனமே விளக்கியது. பராமரிப்பு வேலையின்போது, தங்கள் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவைப் பார்க்கக் கொடுத்த ஒரு கட்டளை, அந்த இணைப்புகள் அனைத்தையும் தவறுதலாகத் துண்டித்துவிட்டது. இப்படியான கட்டளையைத் தடுப்பதற்கென்று ஒரு தணிக்கை மென்பொருள் இருந்தது. அதிலேயே பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. தரவு நிலையங்களோடு பேச முடியாத பெயர்ச் சேவையகங்கள், ஏற்கெனவே எழுதிவைத்த ஒழுங்குப்படி, தங்கள் முகவரி வழிகளை இணையத்திலிருந்து தாங்களாகவே விலக்கிக்கொண்டன. உள்ளே வேலை செய்யும் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் தூர இருந்து சரிசெய்ய முடியவில்லை. கடைசியில் பொறியியலாளர்கள் நேரில் போக வேண்டியிருந்தது. பலத்த பாதுகாப்புள்ள கட்டிடங்களுக்குள் நுழைவதற்கே நேரம் எடுத்தது.

கையால் செய்யும் பிழை ஒரு மாடியை நிறுத்தும். இயந்திரத்தின் வழியாகப் போகும் பிழை உலகத்தையே நிறுத்தும். 2,000 பெட்டிகளின் திறப்பு ஒரு செய்நிரலின் கையில் இருக்கும்போது, அதை எழுதுபவரிடம் இருப்பது பெரிய அமானிதம். பீ.ஜீ.பீ. எப்படி யோசிக்கும், பெயர்ச் சேவையகம் விழுந்தால் அடுத்து எது விழும் என்று தெரிந்தவர்தான் அதைச் சுமக்கலாம். பைதன் மட்டும் தெரிந்தவரால் முடியாது.

▪️ இன்று நிற்கும் இடம்

2020 பெப்ரவரியில் சிஸ்கோ தன் பரீட்சைகளைத் திருத்தியது. செய்நிரல், தன்னியக்கம் சார்ந்த டெவ்நெட் சான்றிதழ்கள் அறிமுகமாயின. அதே நேரத்தில் சீ.சீ.என்.ஏ. பரீட்சைக்குள்ளேயே தன்னியக்கத்துக்கு 10 சதவீதம் ஒதுக்கப்பட்டது. 2025இல் அந்த டெவ்நெட் பெயரையும் எடுத்துவிட்டு, சீ.சீ.என்.ஏ., சீ.சீ.என்.பீ., சீ.சீ.ஐ.ஈ. என்ற அதே பழைய பெயர்களோடு ‘ஒட்டோமேஷன்’ என்று சேர்த்து அழைக்கப்போவதாக அறிவித்தது. ஐந்து வருடத்துக்குள் வேறு தொழில் போலத் தெரிந்தது, அதே குடும்பத்தின் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டது.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சுவிட்ச்போர்டில் இருந்த பெண்களின் திறமை விரைவான கையும் பண்பான குரலும். வந்த இயந்திரத்துக்கு இரண்டும் தேவைப்படவில்லை. இயந்திரத்தைப் பராமரிக்கும் வேலையோ அன்றைய வழமைப்படி ஆண்களுக்குப் போனது. அவர்கள் கடந்து போகப் பாலமே போடப்படவில்லை. நமது சகோதரர்களின் நிலை அப்படி இல்லை. புதிய வேலை அவர்களின் பழைய அறிவைக் கேட்கிறது. பாலம் இருக்கிறது. ஆனால் கடக்காமல் இக்கரையிலேயே நின்றால், கதிரையில் இருந்தவர்களுக்கு நடந்தது நமக்கும் நடக்கும்.

கடப்பதற்குச் சில வழிகள். வேலையில் நீங்கள் மாதம் பத்துத் தடவை செய்யும் ஒரு சலிப்பான காரியத்தை எடுங்கள். முதலில் கருவிகளிலிருந்து தகவலை வாசித்து எடுக்கும் செய்நிரலை மட்டும் எழுதுங்கள். எல்லா ரவுட்டர்களின் அமைப்பையும் தினமும் பிரதி எடுப்பது நல்ல தொடக்கம். வாசிப்பதால் எதுவும் உடையாது. பிறகு மடிக்கணினியிலேயே மெய்நிகர் ரவுட்டர்களை வைத்து, ஜீ.என்.எஸ்.3 போன்ற இலவச மென்பொருளில், மாற்றம் செய்து பழகுங்கள். எழுதியவற்றைக் கிட்டில் சேமித்து, மாற்றங்களின் வரலாறு தெரியும்படி வையுங்கள். நிறுவனத்தின் கருவிகளில் கைவைப்பது கடைசிப் படி. அதுவும் அனுமதியோடு, ஒரு கருவியில், பழைய நிலைக்குத் திரும்பும் வழியைக் கையில் வைத்துக்கொண்டு.

பெற்றோருக்கும் ஒன்று. கட்டளைகளை மனனம் செய்து பெறும் சான்றிதழ் இனித் தனியாக வேலை வாங்கித் தராது. அதற்காகப் பிள்ளையை வலையமைப்புப் பக்கமே விடாமல் வெறும் கோடிங் வகுப்புக்கு அனுப்புவதும் சரியல்ல. இரண்டும் சேர வேண்டும்.

இதில் நாங்கள் ஆசிரியர்களும் யோசிக்க வேண்டியிருக்கிறது. நமது உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்திட்டத்தில் பைதனும் இருக்கிறது, உபவலைப் பிரிப்போடு வலையமைப்பும் இருக்கிறது. உலகம் இரண்டையும் சேர்த்து ஒரு தொழிலாக்கிவிட்டது. நாம் இன்னும் வேறுவேறு தவணையில், வேறுவேறு அலகாகப் படிப்பித்து, வேறுவேறு வினாவாக விடை எழுத வைக்கிறோம். முகவரி ஒன்றையும் உபவலை மறைமுகத்தையும் கொடுத்து, அந்த உபவலையின் எல்லைகளைக் கணிக்கும் பைதன் செய்நிரலை எழுதச் சொன்னால் இரண்டு அலகும் ஒரே பாடவேளையில் சந்திக்கும். அதற்குப் புதிய கட்டிடமும் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம். இந்தத் தவணையிலேயே தொடங்கலாம்.

வெளிநாட்டில் இந்தத் துறையில் இருக்கும் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். லீவில் வரும்போது ஒரு பின்னேரம் உங்கள் ஊர்ப் பாடசாலைக்கு வாருங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் மடிக்கணினியைத் திறந்து, இருபது வரிப் பைதன் ஐந்து மெய்நிகர் ரவுட்டர்களோடு பேசுவதைக் காட்டுங்கள். அதை உங்களிடமிருந்து பார்த்த பிள்ளைக்கு இந்த இரண்டு அலகும் பிறகு தனித்தனியாகத் தெரியாது. வர விரும்புபவர்கள் கீழே கருத்துப் பகுதியில் ஊரின் பெயரை எழுதிவிடுங்கள், பாடசாலைகளோடு பேசி நாள் எடுத்துத் தருவோம்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் கல்வியிலும், தூர தேசத்தில் உழைக்கும் நமது சகோதரர்களின் தொழிலிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.